சிரித்தால் போகிற நோயா இது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்தால் மார்பகப் புற்றுநோயைப் பற்றித் தவறாமல் எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் இந்தத் தடவை ஒரு பெண்மணி சிரித்த முகத்தாலும் மன உறுதியாலுமே நோயை விரட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அப்படியென்றால் என்னோடு கீமோ வார்டில் படுத்திருந்து, கடைசி வரை எங்களையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டுச் செத்துப்போன அந்தக்கா சரியாகச் சிரிக்கவில்லையா?

எனக்கும் அதே நோய்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஆபரேஷன், கீமோ, அப்புறம் கரண்ட் என்கிற கதிர்வீச்சு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ஒவ்வொரு வளைவுக்கும் வயிறு புரளும், மடியில் பிளாஸ்டிக் கவரும் மஞ்சப்பையில் ஃபைலுமாக உட்கார்ந்திருப்பேன். நான் சுபாவத்திலேயே அதிகம் பேசாதவள். மாமியார் கெட்டவர் இல்லை, ஆனாலும் சொன்னார்: "எல்லாத்தையும் உள்ளேயே போட்டுப் பூட்டினே, அதான் கட்டியா வந்துடுச்சு." நானும் அதை ரொம்ப நாள் நம்பினேன்.

நர்சிங் படிக்கிற என் மகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இரட்டையர்களாகப் பிறந்தவர்கள் கிட்டத்தட்ட 60,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள், 2010-ல் முடிவு வெளிவந்தது. கலகலப்பானவரா, எதற்கும் கவலைப்படுகிறவரா என்பதற்கும் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு தெரியவில்லை, வந்தபின் பிழைப்பதற்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரிடம் பார்த்ததிலும் மனநிலையை வைத்து ஆயுளைச் சொல்ல முடியவில்லை, இது 2007-ல். அதைக் கேட்ட அன்றைக்கு நான் அழுதேன், நிம்மதியில்தான்.

அதற்காகச் சுபாவத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவரவில்லை. நோய்க்குப் பிறகு எப்படி வாழ்கிறோம் என்பதில் அதற்கு நிறைய வேலை இருக்கிறது. டெனோலெட் என்கிற உளவியலாளர் 'டி வகை' என்று ஒன்றைச் சொன்னார்: சதா கவலை, ஆனால் அதை வெளியே காட்டாத ஆள். நெதர்லாந்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பார்த்தபோது இந்த வகைக்காரர்களுக்குத்தான் சோர்வும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்ததாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினது மாதிரி இருந்தது.

மார்கழிக் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது நான் வேர்த்துக் கொட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பேன். நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கிற டமாக்ஸிஃபென் மாத்திரையின் வேலை அது என்று எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது, ஏனென்றால் நான் கேட்கவில்லை, டாக்டர்களும் சொல்லவில்லை. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கம் கை வீங்கிக்கொள்கிறது, தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தூக்க முடியாமல் எடை போடுகிற இடத்தில் இன்னொருத்தியைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அந்தச் சின்ன அவமானம் ராத்திரி முழுக்கக் கூடவே வரும். செக்கப்புக்கு முந்தின வாரமோ இடுப்பு வலித்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்றுதான் தோன்றும், இருமல் வந்தாலும் அதுதான். அங்கே போனால் இரண்டு நிமிஷம்: எடை, பிரஷர், ஸ்கேன் ரிப்போர்ட், "எல்லாம் நார்மல், ஆறு மாசம் கழிச்சு வாங்க." நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வாய் விட்டுக் கேட்கிறவர்களுக்கு எப்படியோ வழி கிடைத்துவிடும், என்னைப் போன்றவர்களிடம் அவர்களாகவே கேட்டால்தான் உண்டு.

2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் பகுதிக்கு வருகிற பெண் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வருகிறது, பாவம். அந்த நோட்டில், புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்று இன்னும் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: தூக்கம் வராமல் பயமாக இருக்கிறதா என்று. ஆம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரிடம் அனுப்பலாம். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம் என்பதையாவது அந்தப் பெண் வாயால் சொல்லட்டும். எனக்கு அந்த நம்பர் தெரிந்ததே போன மாசம்தான்.

அந்த நம்பரை உங்கள் பேப்பரிலும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். சிரிப்புக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி