முதலில் அடுப்பு, பிறகு மண்டபம்: அன்னதானச் சமையற்கூடத்துக்கு நன்கொடை வேண்டுகிறோம்

ஆன்மநேய அன்பர்களுக்கு வந்தனம்.

அரசு மருத்துவமனைக்கு எதிரே நம் ஊர் சன்மார்க்க அன்பர்கள் சேர்ந்து வாங்கிய மனையில் எதைக் கட்டுவது என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. தியான மண்டபம் என்றனர் சிலர். வள்ளலாருக்குச் சிலை என்றனர் வேறு சிலர். கடைசியில் வடலூரே தீர்ப்புச் சொன்னது. இராமலிங்க அடிகள் அங்கே பசித்தவருக்கு உணவிடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23, வைகாசி 11ஆம் நாள். சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25 தைப்பூசத்தில். அடுப்பு எரியத் தொடங்கி நாலரை ஆண்டுகளுக்கு மேலான பிறகுதான் வழிபாட்டு இடம். எனவே நாமும் சமையற்கூடத்தையே முதலில் கட்டுகிறோம். மண்டபம் காத்திருக்கட்டும். சிலை வேண்டவே வேண்டாம் என்பது எங்களில் பலருடைய கருத்து. தம்மைத் தெய்வமாக்குவதை அவரே விரும்பியதில்லை.

வடலூருக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று ஞான சபை வாசலில் எழுதியிருக்கிறது. தருமச்சாலையில் சாப்பிட உட்காருபவருக்கு அந்த நிபந்தனை கிடையாது. பசித்து வந்தவரிடம் தேசம், சாதி, சமயம், செய்கை எதையும் பார்க்கக் கூடாது என்பது அவர் வகுத்த நெறி. புலால் மறுப்பில் அத்தனை கண்டிப்பானவர், புலால் உண்பவரின் பசியையும் தீர்க்கத்தான் வேண்டும் என்றார். அவர் வழி நடக்கிறோம் என்று சொல்லும் நமக்கு இதுதான் கடினமான இடம். குடித்துவிட்டு வந்து வரிசையில் நிற்பவருக்கும் நம் கூடத்தில் இலை போடுவோம். இதில் உடன்பாடு இல்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு, ‘அவனுக்கு ஏன் போட்டீர்கள்?’ என்று கேட்டு வர வேண்டாம்.

மருத்துவமனையில் உள்நோயாளிக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. கூட வந்தவருக்குத்தான் இல்லை. கிராமத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து, கையிலிருந்ததை மருந்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டு, வராந்தாவில் படுத்திருக்கும் அம்மாவும் அண்ணனும் தேநீரோடு பகலைக் கடத்துகிறார்கள். காலையில் கஞ்சி, மதியம் சாம்பார் சாதம் என்று நூறு பேருக்கு நாள்தோறும் கொடுப்பது நம் திட்டம்.

நூறு பேரின் மதியச் சாப்பாட்டுக்கு 10 முதல் 12 கிலோ அரிசி ஆகும். பருப்பு, காய்கறி, எண்ணெய், சிலிண்டர், சமையல் செய்பவருக்குக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு மதியத்துக்கு 4,000 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்கலாம். நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. ஆனால் இப்போது அவசரத் தேவை கூரையும் தண்ணீர்த் தொட்டியும் புகைபோக்கியும்தான். சுவர் எழுப்பிவிட்டோம், அதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. சிமெண்ட், கம்பி, அண்டா, கரண்டி எனப் பொருளாகவும் தரலாம். கொத்தனார் ஒருவர் இரண்டு நாள் உழைப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை வந்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த நன்கொடை அதுதான்.

பிறரிடம் பெற்றுப் பசித்தவருக்குக் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வடலூர்த் தருமச்சாலைக்கான நிலத்தையே பார்வதிபுரத்து மக்கள்தான் கொடுத்தார்கள், ஏறத்தாழ எண்பது காணி. அடிகள் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் சித்தி அடைந்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறதென்றால், பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதற்கு விறகும் அரிசியும் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். வாடிய பயிரைப் பற்றி மேடையில் பேச எப்போதும் ஆள் கிடைக்கிறார்கள். அடுப்படியில் நிற்கத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சில கண்டிப்புகள் எங்களுக்கும் உண்டு. கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்க மாட்டோம். பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்பவர்கள் தாராளமாக வந்து பரிமாறலாம். சாப்பிடுபவரோடு படம் எடுக்க அனுமதியில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தரப்படும், மாதக் கணக்கு கூடத்தின் பலகையில் ஒட்டப்படும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே சமையல் தொடங்கும்.

வரும் வைகாசி 11 அன்று அடுப்பு மூட்ட விரும்புகிறோம். பணமாகத் தருபவர்கள் மாதப்பூச வழிபாட்டின்போது பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அரிசி தருபவர்கள் மூட்டையாகவோ படியாகவோ தரலாம். ரேஷன் அரிசியும் திருமண வீட்டில் மிஞ்சிய சமைத்த உணவும் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
சமையற்கூடக் கட்டுமானக் குழுவினர்