பேட்டரி பெட்டிக்குள் போகக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், பொழுதுபோக்குக் கருவிகளை விமானத்தில் கொண்டுசெல்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தூண்டில், தொலைநோக்கி ஆகியவை குறித்துச் சொல்லியிருந்தவை சரியே. ஆனால் மெட்டல் டிடெக்டரை ‘அப்படியே செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கேள்வியே வராது’ என்று எழுதியிருந்த அந்த ஒரு வரி வாசகரை வம்பில் மாட்டிவிடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் மெல்பர்னில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்பணியாளன். விக்டோரியா மாநிலத்தில் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, பழைய தங்க வயல்களில் வார இறுதியில் டிடெக்டரோடு அலைவது என் பொழுதுபோக்கு. 1980-இல் இங்கே கிங்கோவர் அருகே, 27 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ‘ஹேண்ட் ஆஃப் ஃபெயித்’ என்ற தங்கக்கட்டி டிடெக்டரின் துணையால்தான் கிடைத்தது. எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஈயக் குண்டுகளும் துருப்பிடித்த லாட ஆணிகளும்தான் என்பது வேறு கதை.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டபோது, தங்கள் கட்டுரை சொன்னபடியே முழுக் கருவியையும் துணிகளுக்கு நடுவே பொதிந்து பெட்டியில் வைத்தேன். விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். உள்ளே ஓர் அறையில் என் பெட்டி தனியாக நின்றது. அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வேட்டிகளுக்கு இடையே, நான் மறந்தே போயிருந்த உதிரி லித்தியம் பேட்டரி கறுப்புச் செங்கல்போலத் தெரிந்தது. அவர் டிடெக்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியை மூடச் சொன்னார். அந்தப் பேட்டரி என்னோடு ஊர் வந்து சேரவில்லை. தவறு முழுக்க என்னுடையதே.

உதிரி லித்தியம் பேட்டரி எதுவாயினும் கையோடு எடுத்துச்செல்லும் பையில்தான் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் விமானப் பயணிகளுக்குள்ள விதி. காரணமும் எளிது. இவ்வகைப் பேட்டரி உள்ளுக்குள் பழுதாகிச் சூடேறத் தொடங்கினால், அந்தச் சூடே அடுத்தடுத்த செல்களையும் பற்றவைக்கும். சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்குமே தவிர, பேட்டரிக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. பயணிகள் அமரும் இடத்தில் நடந்தால் புகையைக் கண்ணால் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆள் இருக்கிறது.

பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவுக்கும் கணக்கு உண்டு. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரிகள் எடுத்துச்செல்லலாம். அதையும் தாண்டினால் கைப்பையிலும் இடமில்லை. பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிட்டிருக்காவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் போதும். என் கருவியின் பேட்டரி 3.7 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர்-மணி (5 ஆம்பியர்-மணி), அதாவது 18.5 வாட்-மணி. ஆகவே அளவு ஒரு தடையே அன்று, வைக்கும் இடம்தான் தடை. உதிரியின் முனைகளில் காப்பு நாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட வேண்டும். பையில் சாவிக்கொத்தோடு உரசினாலே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுவிடும்.

கருவிக்குள்ளேயே பொருத்திய பேட்டரியானால், முழுவதும் அணைத்து, தானாக இயங்காதபடி பாதுகாத்துப் பெட்டியில் அனுப்ப விதி இடம் தருகிறது. ஆனாலும் நான் அனுப்ப மாட்டேன். பேட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸின் எக்ஸ்பி நிறுவனத்துடைய டியஸ் என்ற டிடெக்டரில், தரையை ஒட்டி நகர்ந்து உலோகத்தை உணரும் வட்டக் கம்பிச்சுருளான ‘காயிலு’க்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கிறது. பலரும் அதை வெறும் தட்டு என்று எண்ணிப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும் கருவி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

இப்போது நான் கருவியின் தண்டையும், களைக்கொட்டு அளவிலான மண் தோண்டும் குந்தாலியையும் செக்-இன் பெட்டியில் வைக்கிறேன். குந்தாலியைக் கைப்பையில் எந்தச் சோதனையிலும் விடமாட்டார்கள். திரையுள்ள தலைப்பகுதி, காயில், ஹெட்போன், பேட்டரிகள் என்னோடு வருகின்றன. சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால், ‘டிடெக்டர்’ என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. தங்கம் தேடும் கருவிகளைச் செய்யும் கேரட் (Garrett) என்ற நிறுவனமே நாம் நடந்து கடக்கும் சோதனை வாயில்களையும் செய்கிறது என்பதால், அங்கே நிற்பவர்களுக்கு இது அந்நியப் பொருளும் அன்று.

கட்டுரையில் அடியோடு விடுபட்டது, கருவியில் ஒட்டிவரும் மண். அதோடு கிருமியும் விதையும் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று ஆஸ்திரேலியாவில் சோதிப்பார்கள். இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது பயணிகள் அட்டையில், மண் ஒட்டிய பொருள் உண்டு என்று குறித்தேன். காலணியையும் குந்தாலியையும் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவியிருந்ததால் தைரியமாக நின்றேன். ஆனால் அங்கிருந்த பெண் அதிகாரி, காயிலின் அடியில் பொருத்தும் பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு தேக்கரண்டி அளவுக்குக் காய்ந்த மண் மேசையில் உதிர்ந்தது. அந்த மூடி கழலும் என்பதே எனக்கு அன்றுதான் தோன்றியது. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்கள், மறைத்திருந்தால் அபராதம்.

இறங்கும் நாட்டின் சட்டம் இதைவிடப் பெரிது. இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியோடு தேடலாம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து கடல் தாண்டிப் பிரான்ஸுக்குப் போய்வரலாம் என்றான் தம்பி. அங்கே தொல்பொருள் தேடும் நோக்கில் டிடெக்டரைப் பயன்படுத்த அரசின் முன்னனுமதி வேண்டும் என 1989 முதலே சட்டம் இருக்கிறது. கருவியை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

நம் ஊருக்கு அதை நான் எடுத்து வருவதே இல்லை. ‘மாமா, ஒருமுறை கொண்டு வாருங்கள், கரூரில் அமராவதி ஆற்று மணலில் பார்ப்போம்’ என்று என் அக்காள் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருப்பது உண்மையே. ஆனால் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கிடைத்த காசைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மெல்பர்ன் திரும்பும் எண்ணத்தோடு யாராவது வருவார்களானால், அவர்கள் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

பள்ளி விடுமுறைக்குப் பலர் பெட்டி கட்டத் தொடங்கும் நேரம் இது. மற்றவற்றுக்கு இடமில்லாவிட்டாலும், உதிரி பேட்டரி கைப்பையில் இருக்க வேண்டும் என்ற திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மெல்பர்ன்.