மதலேன் லெபோவுக்கு

மதிப்புக்குரிய மதலேன் லெபோ அவர்களுக்கு,

2016இல் நீங்கள் காலமான செய்தியைப் படித்த இரவு, நீங்கள் நடித்த 'காசாபிளாங்கா' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். சற்று முன்புதான் ஜெர்மன் அதிகாரியோடு கைகோத்து கதாநாயகன் ரிக்கின் விடுதிக்குள் நுழைந்த உங்கள் இவோன், பிரான்ஸின் தேசிய கீதமான 'மார்செய்யேஸ்' ஒலித்ததும் கண்ணீர் வழியப் பாடுகிறாள். சில விநாடிகள்தான். கிளிசரின் அழுகையைப் பார்த்துப் பழகிய எனக்கே நெஞ்சை அடைத்தது.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, யூதரான கணவர் மார்செல் டாலியோவுடன் ஊரைவிட்டுக் கிளம்பியவர் நீங்கள். வயது 17. லிஸ்பனில் கப்பலேறி மெக்சிகோ வரை வந்த பிறகு, கையிலிருந்த சிலி நாட்டு விசா போலி என்றார்கள். கடைசியில் கனடாவின் தற்காலிகப் பாஸ்போர்ட்தான் கைகொடுத்தது. படத்தில் ஆளுக்கு ஆள் தேடி அலைகிற பயண அனுமதிக் கடிதங்கள் வெறும் கற்பனை; உங்கள் போலி விசா நிஜம். ரிக்கின் விடுதியில் சூதாட்டச் சக்கரம் சுழற்றும் எமிலாக டாலியோவும் வருகிறார். நாஜி மேஜராக மிரட்டும் கான்ராட் வைட்கூட ஹிட்லரின் ஜெர்மனி வேண்டாமென்று வெளியேறியவர்தான்.

இவ்வளவு நிஜமான மனிதர்கள் நடித்த படத்தில் ஊர் மட்டும் பொய். கலிபோர்னியாவின் பர்பாங்க் ஸ்டூடியோவில் போட்ட செட் அது. கடைசிக் காட்சியில் மூடுபனிக்குள் நிற்கும் விமானம் வெட்டி ஒட்டிய அட்டை. அது பெரிதாகத் தெரிய, குள்ளமானவர்களை மெக்கானிக்குகளாக நிறுத்தினார்கள்.

மொராக்கோவில் இருக்கும் உண்மையான காசாபிளாங்காவிலும் ஓர் அகதி இருந்தது தெரியுமா? நீங்கள் ஓடிய அதே ஜூனில், பிரான்ஸின் சான் நசேர் கப்பல் தளத்திலிருந்து கட்டி முடிக்காத ஜான் பார்ட் போர்க்கப்பல் தப்பி வந்து அங்கே தஞ்சம் புகுந்தது. இரண்டு பெரிய பீரங்கி மேடைகளில் ஒன்றுதான் சுடும் நிலையில் இருந்தது. 1942 நவம்பர் 8 அன்று அமெரிக்கர்கள் வந்து இறங்கியபோது, ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரான்ஸின் விஷி அரசின் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட பிரெஞ்சு மாலுமிகள் அவர்களைத்தான் சுட்டார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் மாசசூசெட்ஸின் குண்டு பட்டு அந்த மேடை இறுகி நின்றது. மாலுமிகள் சத்தமில்லாமல் பழுது பார்த்துவிட்டு, குழல்களை அசைக்காமல் விட்டுவைத்தார்கள். செத்துவிட்டது என்று எதிரி நம்பினான். 10ஆம் தேதி அது மறுபடி முழங்கியது. அமெரிக்கத் தலைமைக் கப்பல் அகஸ்டா மயிரிழையில் தப்பியது. பிறகு விமானங்கள் குண்டு வீசி ஜான் பார்ட்டைத் துறைமுகத்தின் அடியில் உட்கார வைத்தன. மறுநாள் சண்டை நின்றது. அதே மாதம் 26ஆம் தேதி நியூயார்க்கில் உங்கள் படம் திரையேறியது. நல்ல வியாபார மூளை!

நீங்கள் உருகிப் பாடிய பாட்டு அந்த மாலுமிகளுக்கும் சொந்தம்தான். மொராக்கோக்காரர்களுக்கோ அது 1912 முதல் தங்களை ஆண்டவர்களின் பாட்டு. 1943 ஜனவரியில், அதே ஊரின் அன்ஃபா பகுதியில் நேச நாடுகளின் மாநாட்டுக்கு வந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், மொராக்கோவின் சுல்தான் முகம்மதுவுக்கு விருந்து வைத்தார். மது கிடையாது என்பதால் சர்ச்சில் முகம் சுளித்தாராம். அடுத்த ஜனவரியில் மொராக்கோவின் தேசியவாதிகள் சுதந்திரம் கேட்டு அறிக்கையே வெளியிட்டுவிட்டார்கள்.

படத்தில் சூதாட்ட அறையின் கதவைக் காக்கும் அப்துல் நினைவிருக்கிறதா? குல்லாய் போட்டு அந்த வேடத்தில் நடித்தவரும் சிகாகோவில் பிறந்தவர். அடுத்த முறை பார்க்கும்போது, உங்கள் முகம் வந்துபோனதும் அவரைத் தேடப் போகிறேன், உதடு அசைகிறதா என்று.

அன்புடன்,
உங்கள் ரசிகன்