பாட்டின் சொந்தப் பெயரைக் கொடுங்கள்: பாட்டுச் செயலிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தினமும் உங்கள் செயலிகளில்தான் பாட்டுக் கேட்கிறேன். அதில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத மொழிகள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் என்னத்தைக் கேட்கிறாய் என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. புரியாமல் கேட்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. குரல் எங்கே தழுதழுக்கிறது, எந்த இடத்தில் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறார் என்பதெல்லாம் அப்போது தனியாகக் காதில் விழும். ஆனால் ஒரு பாட்டு பிடித்துப்போய் நாற்பது ஐம்பது தடவை ஓடிய பிறகு, இவர் என்னதான் சொல்கிறார் என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் கைவிட்டுவிடுகிறீர்கள்.

கியூ சகமோட்டோ 1961-ல் பாடிய ஜப்பானியப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'உஎ ஓ முயித்தே அருக்கோ', அதாவது மேலே பார்த்தபடி நடப்போம். கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்து நடக்கிற ஒருவனின் பாட்டு. பெயர் வாயில் நுழையாது என்று மேல்நாட்டில் அதை 'சுகியாக்கி' ஆக்கிவிட்டார்கள். அது மாட்டிறைச்சியும் காய்கறியும் போட்டுக் கொதிக்கவைக்கிற ஒரு சாப்பாடு! பாட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அந்தப் பெயரோடுதான் 1963 ஜூனில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, முழுக்க ஜப்பானிய மொழியிலேயே. எனக்கும் முதலில் சாப்பாட்டுப் பெயரில்தான் கிடைத்தது, அதனால் ஏதோ விருந்துப் பாட்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

வரிகளைத் திறந்தால் ஜப்பானிய எழுத்து மட்டும். சரி என்று நோட்டை எடுத்து, பத்து விநாடி பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினேன். 'அருகோ' என்று எழுதினால் படிக்கும்போது ஓசை மெலிகிறது, 'அருக்கோ' என்றால் கொஞ்சம் அழுத்தம் கூடிவிடுகிறது, கடைசியில் இரண்டாவதை வைத்துக்கொண்டேன். நான்கு வரிக்கு ஒரு மாலை போனது. உச்சரிப்பைக் கேட்பவரின் எழுத்திலேயே நீங்கள் கொடுத்தால் என்ன?

அர்த்தத்தையும் மனிதர்களை வைத்து எழுதுங்கள், எழுதியவர் பெயரோடு. கேப் வெர்டி நாட்டுப் பாடகி செசாரியா எவோரா பாடிய 'சொடாட்' பாட்டுக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் 'ஏக்கம்' என்ற ஒற்றைச் சொல். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கடலில் இருக்கிற அந்தக் கேப் வெர்டி தீவுகளிலிருந்து சாவோ தொமே என்ற இன்னொரு ஆப்பிரிக்கத் தீவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் நீண்ட வழி அந்தப் பாட்டில் இருக்கிறது. அது தெரியாமல் ஏக்கம் என்று மட்டும் படித்து என்ன பிரயோஜனம்? ஒரு இரண்டு வரிக் குறிப்பு போதுமே.

அப்புறம், பாடலாசிரியரின் பெயர். பாடியவர் பெயர் பெரிதாக இருக்கிறது, எழுதியவரைத் தேடினால் எங்கோ உள்ளே மூன்று தட்டு தட்ட வேண்டியிருக்கிறது. சகமோட்டோவின் பாட்டை எழுதியவர் ரொக்குசுக்கே எய். 1960-ல் ஜப்பான் அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த போராட்டம் தோற்றுப்போன வேதனையில் எழுதியது என்று வேறெங்கோ படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி திரும்பப் போட்டுக் கேட்டேன், நடுவில் வருகிற விசில்கூட வேறு மாதிரி கேட்டது. எழுதியவர் பெயரைப் பாட்டின் பெயருக்குக் கீழேயே போடுங்கள், ஜப்பானியப் பெயருக்குக் கீழே.