ஆபரேஷனுக்கு வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நம் கிளினிக்கில் ஒரு நாய்க்குக் கட்டி அகற்றினோம். தயோபென்டோன் என்ற மயக்க ஊசி போட்டிருந்தோம். மதியத்துக்குள் தலையைத் தூக்கியிருக்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரமாகியும் கண் சொருகியே கிடந்தது. கம்பளி போர்த்தி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்துக்கொண்டே இருந்தோம். அப்போதுதான் வீட்டம்மா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "காதுப் புண்ணுக்கு அஞ்சு நாளா இதத்தான் குடுத்தோம் டாக்டர்" என்றார். குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. இரவு ஒன்பதுக்கு நாய் எழுந்து நின்றது. முன்கூட்டியே கேட்காதது எங்கள் தவறு. அதனால்தான் இந்த மடல்.

தயோபென்டோன் போன்ற பார்பிச்சுரேட் வகை மயக்க மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் நொதிகள். தயோபென்டோனை ஒருமுறை மட்டும் போட்டால், அது மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் போய்விடுவதால் சில நிமிடங்களில் தெளியும். திரும்பத் திரும்பப் போடும்போதும், அதே வகையைச் சேர்ந்த பென்டோபார்பிட்டோன் போடும்போதும் கல்லீரல்தான் கதி. குளோரம்பெனிக்கால் அந்த நொதிகளையே முடக்கிவிடுகிறது. கல்லீரல் புதிதாக நொதி செய்தாக வேண்டும். ஆகவே மருந்தை நிறுத்தியதுமே பாதிப்பு போய்விடாது. பூனைகளில் இந்த நீட்சி இன்னும் அதிகம். 1950களில் ஆய்வகங்களில் எஸ்.கே.எஃப். 525ஏ என்ற பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது தானாகத் தூக்கம் வரவழைக்காது; ஆனால் ஹெக்சோபார்பிட்டால் என்ற பார்பிச்சுரேட் தரும் தூக்கத்தை நீளமாக்கியது. அதுவும் இதே வழிதான்.

வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடும் நாய் என்றால் அதையும் சொல்லுங்கள். குளோரம்பெனிக்கால் சேர்ந்தால் அந்த மருந்தும் உடம்பில் தேங்கி, நாய் தள்ளாடும்.

இன்னொன்று, குளுக்கோஸ். பார்பிச்சுரேட் மயக்கம் தெளிந்துவரும் நாய்களுக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபோது சில மறுபடி தூங்கிப்போனதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். பாசத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக்கொண்டு வருகிறீர்கள், புரிகிறது. ஆனால் பாதி மயக்கத்தில் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நாங்கள் சொல்லும்வரை எதுவும் வேண்டாம்.

கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி நாய்களுக்குத் தயோபென்டோன் தெளிய வெகுநேரம் ஆகும். அதனால் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு நாங்கள் வேறு மருந்தே போடுகிறோம்.

ஆபரேஷன் தேதி வாங்கும்போது, கடந்த ஒரு மாதத்தில் கொடுத்த மாத்திரை, ஊசி, கண் சொட்டு மருந்து எல்லாவற்றின் அட்டையையும் புட்டியையும் எடுத்து வாருங்கள். பெயர் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். கவுண்டரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதில் எழுதிய பிறகுதான் ஊசி போடுவோம்.

அன்புடன்,
உங்கள் கால்நடை கிளினிக்