டிஸ்சார்ஜுக்குப் பிறகும் கொஞ்சம் வைத்திருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையின் சிகிச்சைக்கு உதவி கேட்டுச் சென்ற இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மாவட்ட அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வாசகர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எல்லாப் பணத்தையும் மருத்துவமனை பில்லுக்கே கட்டிவிடாமல், ஒரு பங்கைக் குழந்தை வீட்டுக்கு வந்தபின் கொடுக்க எடுத்து வையுங்கள்.

குழந்தை இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டியில் இருக்கும்வரை ஊரே பதறும். மூச்சுக் கருவி, நுரையீரல் விரிவதற்காக மூச்சுக்குழாய் வழியே விடும் சர்ஃபாக்டன்ட் மருந்து, நாளுக்கு நாள் ஏறும் வாடகை என எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ரசீது இருந்தால் கேட்பதும் எளிது, கொடுப்பதும் எளிது. பெரியம்மா வளையலைக் கழற்றிக் கொடுப்பார், தாய்மாமன் சீட்டைத் தள்ளி எடுத்துத் தருவார். பிள்ளை எடை கூடி வீடு திரும்பியதும், 'நல்லபடியா வந்துட்டீங்க, அது போதும்' என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடன்காரர்கள் மட்டும் போக மாட்டார்கள். மறுபடி வரச்சொல்லிச் சீட்டில் எழுதிக்கொடுத்த தேதிகளும் போகாது.

அந்தத் தேதிகளில் முக்கியமானது கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். கர்ப்பத்தின் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்த 4 வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஒரு தடவையோடு முடியாது, ரத்தக்குழாய் வளர்ந்து முடியும்வரை திரும்பத் திரும்ப வரச்சொல்வார்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால், பிறகு எத்தனை லட்சம் வைத்துக்கொண்டு நின்றாலும் பயனில்லை.

பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்தான். ஆனால் மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து அவ்வளவு எடை குறைந்த பிள்ளையைக் கூட்ட நெரிசலில் பஸ்ஸில் கொண்டுவர முடியாது. கார் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு அன்றைய கூலி போகும். 'கண்ணு நல்லாத்தானே இருக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதை அக்கறையின்மை என்று டாக்டர்கள் சிலர் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. லட்சக்கணக்கில் திரட்டி உயிரைக் காப்பாற்றிய பிள்ளை, கார் வாடகை இல்லாமல் பார்வையை இழந்தால் யாரை நோவது?

அடுத்தது தாய். அவரைச் சில நாளில் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள், குழந்தை உள்ளேயே இருக்கும். தனியார் மருத்துவமனை பலவற்றில் அதன்பின் அவருக்குக் கட்டில் கிடையாது. தையல் ஆறாத உடம்போடு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது கங்காரு முறை: குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைப்பது. நாளொன்றுக்குக் குறைந்தது 8 மணி நேரமாவது அப்படி வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 8 மணி நேரம் மார்பில் சுமக்கிறவர் எங்கே படுப்பார், எதைச் சாப்பிடுவார்? மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. இதற்கென்று யாரும் நிதி திரட்டி நான் பார்த்ததில்லை.

பால்பவுடர் டின்னோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் வார்டில் ஒரு தனி வேலை. நல்ல மனசோடுதான் வாங்கி வருவார்கள். ஆனால் அனாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் பால்பவுடரையோ பால்புட்டியையோ தானமாகக் கொடுக்கக்கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து, தாய்ப்பால் கொடுப்பதைவிட அதிகம். புட்டி வேண்டாம், பால் புகட்டும் பாலாடைச் சங்கு போதும். தாய்க்குப் பால் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இலேயே ஒன்று தொடங்கப்பட்டது, இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் உண்டு. கைக்குழந்தைக்குப் போக மீதிப் பால் சுரக்கும் வாசகி யாராவது இருந்தால், அவர் கொடுப்பது பணத்தைவிடப் பெரிய உதவி.

பணம் கேட்கும் முன்பே செய்ய வேண்டிய சில உண்டு. அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது 2011இலிருந்து மத்திய அரசுத் திட்டமாகவே இருக்கிறது. 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் உண்டு. தனியாரிடம் போயே ஆக வேண்டிய நிலை வந்தால், சேர்க்கும்போதே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அங்கே உண்டா என்று கேட்டுவிட வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு. ஆனால் அது முன்அனுமதி பெற்றுச் செய்யும் சிகிச்சைக்கானது. கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு அட்டையை நீட்டினால் பணம் திரும்ப வராது. அட்வான்ஸ் கட்டிவிட்டுத்தான் பலருக்கும் அட்டை ஞாபகம் வருகிறது. அந்தப் பதற்றத்தில் வேறெப்படி இருக்கும்? இதற்கிடையே, 'ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது' என்று வார்டு வாசலில் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் வேறு. வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தாலும் பிள்ளைக்கு அந்த அளவுக்கு நல்லது. இதில் ஏழென்ன, எட்டென்ன.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். குழாய் செருகிய குழந்தையின் படத்தை இனிப் போட வேண்டாம். அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருவருடைய போனில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். படம் வந்த இடத்தில், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, காப்பீடு கேட்டாயிற்றா, பில்லில் இன்னும் பாக்கி எவ்வளவு, கண் பரிசோதனைக்குத் தேதி எப்போது, வீடு எவ்வளவு தூரம் என்று போடுங்கள். பில்லுக்கான பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள். பயணத்துக்கும் சாப்பாட்டுக்குமான பணத்தைத் தாயின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு வருஷத்துக்காவது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தேனி மாவட்டம்.