அப்பாவின் சீட்டில் 'ஸ்டேபிள்'

நியூமார்க்கெட், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன். 'ஸ்டேபிள் ஆஞ்சைனா' என்று போட்டிருக்கிறார்கள். ஆஞ்சைனா என்றால் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி. "ஸ்டேபிள்னா சரியாயிடுச்சுன்னுதானே, மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?" என்று நீ கேட்டாயாம். போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதே. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியது சுருங்கியதுதான். சும்மா இருக்கும்போது அந்த ரத்தம் போதும். மாடி ஏறினால், சாப்பிட்ட கையோடு நடந்தால், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கு நின்றால் போதாமல் போய் நெஞ்சு இறுக்குகிறது. உட்கார்ந்தால் சில நிமிடத்தில் அடங்குகிறது. எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரு கணக்குக்குள் நிற்பதால்தான் 'ஸ்டேபிள்' என்கிறார்கள். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கணக்கு தப்பினால்தான் ஆபத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, முன்பு தெருமுனையில் வந்த வலி இப்போது வாசலிலேயே வருவது, இதெல்லாம் வேறு ஜாதி. அப்படி வந்தால் கேஸ் தொல்லை என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்காதே. உடனே 108. வழக்கமான வலி என்றால் முதலில் உட்கார வை, டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வை. நின்றுகொண்டே போட்டால் தலை சுற்றி விழுவார். 5 நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலும் 108தான்.

இங்கே நான் நர்ஸாக இருக்கும் வார்டில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் இந்த 'ஸ்டேபிள்' வார்த்தைதான். ஆனால் "பேஷன்ட் ஸ்டேபிள்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஸ்கோர் என்ன என்று கேட்பார்கள். ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற இங்கத்து டாக்டர்கள் அமைப்பு 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ஒரு சார்ட் இருக்கிறது, பெயர் நியூஸ்-2. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, சுயநினைவு, காய்ச்சல் ஆறையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நம் பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, பூஜ்யம் வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். மொத்தம் 5 வந்தால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட்டு, குறைந்தது மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 7 வந்தால் ஓட்டம்தான்.

இதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நமக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பூஜ்யம். ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோயால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. 90-இல் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டு டிவி பார்ப்பார்கள். புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் பதறி ஆக்சிஜனை ஏற்றினால் அதுவே கெடுதலாகிவிடும்.

சொந்தக்காரர்களிடம் பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். "கிரிட்டிகல், ஆனால் ஸ்டேபிள்" என்றால் எல்லோர் காதிலும் இரண்டாவது வார்த்தைதான் விழுகிறது. நிலைமை மோசம், ஆனால் இன்னும் மோசமாகவில்லை, அவ்வளவுதான் அது. நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, காலையில் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு, குதிரை லாயம். இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்திலிருந்தே நியூமார்க்கெட் பந்தயக் குதிரை ஊர். ஊரெல்லாம் லாயம். காலையில் குதிரைகள் வரிசையாக ரோட்டைக் கடக்கும், கார்கள் காத்து நிற்கும். வார்டுக்கு வரும் தாத்தாக்களில் பலர் லாயத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களிடம் "ஸ்டேபிள்" என்றால் உடம்பை மறந்து குதிரைக் கதை ஆரம்பித்துவிடுவார்கள்.

சித்தப்பா என் வேலை ஸ்டேபிளா என்று கேட்டாராம். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் 3 வருடத்துக்கு ஒருமுறை நர்சிங் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 450 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், 35 மணி நேரம் புதிதாகப் படித்திருக்க வேண்டும். இதையும் அவரிடம் சொல். வரன் பேசும்போது 'பொண்ணுக்கு நிரந்தர உத்தியோகம்' என்று அளந்துவிடாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மகள்